மூழ்கியவரைச் சுற்றாதீங்க, மூச்சைக் கொடுங்க: 250 வருடக் கதை

1/
ஆற்றிலோ கிணற்றிலோ மூழ்கிய ஒருவரை மேலே தூக்கிப் போட்டதும் நம்ம ஊரில் அடுத்து என்ன நடக்கும்?

குப்புறப் போட்டு முதுகை அமுக்குவாங்க. மல்லாக்கப் போட்டு வயிற்றை அமுக்குவாங்க. சின்னப் பிள்ளையா இருந்தா ரெண்டு காலையும் பிடிச்சுத் தலைகீழாத் தூக்கிச் சுத்துவாங்க. "தண்ணி வெளிய வந்தாத்தான் பிழைப்பான்" என்று சுற்றி நிற்கும் பத்துப் பேரும் சொல்வாங்க.

கோடை விடுமுறையிலும் மழைக்காலத்திலும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியம் இது: "வயித்த நல்லா அமுக்கினோம் டாக்டர், நிறைய தண்ணி வந்துச்சு." "வாயில காத்து ஊதினீங்களா?" என்று கேட்டால் பதில் இருக்காது.

2/
இதைச் செய்பவர்களைக் குறை சொல்ல இந்த இழையை எழுதவில்லை. உயிரைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள். அதோடு, உலகத்தின் பெரிய பெரிய மருத்துவர்களே சுமார் 200 வருடங்கள் இதே தவறைச் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. சரியான வழி முதலிலேயே கிடைத்துவிட்டது. பிறகு அதைத் தொலைத்துவிட்டார்கள். திரும்பக் கண்டுபிடிக்க 1950கள் வரை ஆனது.

கொஞ்சம் நீளம்தான். நேரம் ஒதுக்கிப் படிங்க. கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது.

3/
1732, ஸ்காட்லாந்தின் அல்லோவா என்ற ஊர். ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்துப் புகை. அதில் சிக்கிய தொழிலாளியை வெளியே தூக்கி வருகிறார்கள். மூச்சு இல்லை, நாடி இல்லை.

வில்லியம் டொசாக் என்ற அறுவை மருத்துவர் அந்தத் தொழிலாளியின் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்துப் பலமாக ஊதினார். நெஞ்சு உயர்ந்தது. இதயம் துடிப்பது கைக்குத் தெரிந்தது. சில நாட்களில் அந்த மனிதர் வேலைக்கே திரும்பிவிட்டார்.

டொசாக் இதை 1744ல் எழுதி வெளியிட்டார். ஒரு மருத்துவர் வாயோடு வாய் ஊதி ஒரு பெரியவரைப் பிழைக்க வைத்ததைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தெளிவான மருத்துவக் குறிப்புகளில் இது ஒன்று. பிறந்து அழாத குழந்தையின் வாயில் ஊதும் பழக்கம் மருத்துவச்சிகளிடம் அதற்கு முன்பே இருந்தது.

4/
அடுத்த வருடம் ஜான் ஃபாதர்கில் என்ற லண்டன் மருத்துவர் இதை ஆதரித்துப் பேசினார். கொல்லன் பட்டறைத் துருத்தியால் காற்று அடிப்பதைவிட மனிதன் வாயால் ஊதுவதே மேல் என்பது அவர் கட்சி. துருத்தி எப்போதும் கைவசம் இருக்காது, வாய் எப்போதும் இருக்கும். துருத்தியில் காற்றின் வேகம் அதிகமாகி நுரையீரலுக்குக் கேடு வரலாம், மனிதன் ஊதினால் அந்த ஆபத்து குறைவு.

1745ல் சொன்னது. இன்றைக்கும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை.

5/
இப்போது ஆம்ஸ்டர்டாம் போவோம். ஊர் முழுக்கக் கால்வாய். இருட்டில் கால் தவறினால் தண்ணீர்தான். மூழ்கிச் சாவது அங்கே அன்றாடச் செய்தி.

1767ல் அந்த ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து மூழ்கியவர்களைக் காப்பாற்றவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இந்த வேலைக்கென்றே அமைந்த உலகின் முதல் சங்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். தொடங்கி நான்கே வருடத்தில் 150 பேரைக் காப்பாற்றியதாகக் கணக்குச் சொன்னார்கள்.

அவர்கள் தந்த அறிவுரைகள்: ஈரத்தைப் போக்கி உடம்பைச் சூடாக்கு. தலையைத் தாழ்த்தி வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடு. தொண்டையில் இறகால் கிச்சுக்கிச்சு மூட்டு. ரத்தத்தை வடி. வாயால் அல்லது துருத்தியால் காற்று ஊது. இவற்றோடு இன்னொன்று: ஆசனவாய் வழியாகப் புகையிலைப் புகையை ஏற்று.

6/
கடைசி வரியை நீங்க சரியாத்தான் படிச்சீங்க.

புகையிலை உடம்பைச் சூடாக்கும், தூங்கும் உயிரைத் தட்டி எழுப்பும் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. அதற்கென்றே குழாயும் துருத்தியும் சேர்ந்த பெட்டிகள் செய்து, லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இன்று நாம் தீயணைப்புக் கருவி வைப்பதுபோல வைத்திருந்தார்கள். 1811ல் பெஞ்சமின் பிராடி என்பவர், புகையிலையில் உள்ள விஷம் இதயத்தையே நிறுத்தும் என்று விலங்குகளில் காட்டினார். அதன் பிறகு மெல்ல மெல்ல மறைந்தது.

சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிங்க. அந்தப் பட்டியலில் சரியானதும் தவறானதும் கலந்தே இருந்தன. பிழைத்தவர் எதனால் பிழைத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஊதியதாலா? சூடு கொடுத்ததாலா? புகையாலா? கடைசியாக எதைச் செய்தார்களோ அதற்குப் பெயர் போய்விடும்.

நம்ம ஊர் வயிற்றை அமுக்கும் வைத்தியத்தின் ரகசியமும் இதுதான். பின்னால் வருகிறேன்.

7/
ஆம்ஸ்டர்டாம் சங்கத்தின் அறிக்கையைத் தாமஸ் கோகன் என்ற மருத்துவர் 1773ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். லண்டனில் வில்லியம் ஹாஸ் என்ற இன்னொரு மருத்துவர் அதற்குள் தனியாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். தண்ணீரில் இருந்து எடுத்த உடலைச் சீக்கிரம் தன்னிடம் கொண்டு வந்தால், சொந்தப் பணத்தில் பரிசு கொடுத்தார்.

இருவரும் சேர்ந்தார்கள். 1774ல் ஆளுக்கு 15 நண்பர்களை ஒரு காபிக் கடைக்குக் கூட்டி வந்து 32 பேராக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி. இன்றும் இருக்கிறது.

8/
மூழ்கியவரைக் காப்பாற்ற முயன்றால் 2 கினி, உயிர் பிழைத்தால் 4 கினி பரிசு என்று அறிவித்தார்கள். அந்தக் காலத்து ஏழைக்கு அது பெரிய காசு.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். ஒருத்தன் மூழ்குவதுபோல் நடிப்பான், இன்னொருத்தன் குதித்துத் தூக்குவான், ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவாங்க! பிறகு காசை நிறுத்திப் பதக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் சங்கம் செய்த பெரிய காரியம் வேறு. "தண்ணீரில் இருந்து எடுத்தவர் செத்தவர்" என்ற எண்ணத்தை உடைத்தது. பார்த்தால் பிணம் போல இருப்பவர் உண்மையில் பிணமாக இல்லாமல் இருக்கலாம், முயற்சி செய் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தது. 1794ல் லண்டன் ஹைட் பார்க் ஏரிக்கரையில், அரசர் கொடுத்த நிலத்தில், மூழ்கியவர்களுக்குச் சிகிச்சை தர ஒரு கட்டடமே கட்டினார்கள்.

9/
இனிதான் சோகம்.

அதே 1770களில் ஆக்ஸிஜன் கண்டுபிடிக்கப்பட்டது. அறிவியலுக்கு மாபெரும் வெற்றி. ஆனால் அதில் இருந்து ஒரு தவறான முடிவுக்கு வந்தார்கள்: நாம் வெளியே விடும் மூச்சு "பயன்படுத்திய கெட்ட காற்று". அதைப் போய் இன்னொருவர் நுரையீரலில் ஊதுவதா?

வாயோடு வாய் வைப்பது அருவருப்பு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. 1780களில் சங்கம் வாயை விட்டுத் துருத்திக்கு மாறியது.

1820களின் இறுதியில் பிரான்சில் லெரோய் என்பவர், துருத்தியால் பலமாக அடித்த காற்று விலங்குகளின் நுரையீரலைக் கிழித்துக் கொன்றுவிடுகிறது என்று காட்டினார். துருத்தியும் போச்சு.

ஃபாதர்கில் எச்சரித்த அதே ஆபத்து. ஆனால் துருத்தியைக் கைவிட்டவர்கள் வாய்க்குத் திரும்பவில்லை. காற்று ஊதும் யோசனையையே ஓரங்கட்டினார்கள்.

10/
அடுத்த நூறு வருடம் "கையால் அமுக்கும்" காலம்.

1856ல் மார்ஷல் ஹால் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தார். மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைக்கிறது. சரியான கவனிப்பு. ஆனால் அவர் சொன்ன தீர்வு: குப்புறப் படுக்க வை, பக்கவாட்டில் புரட்டு, திரும்பக் குப்புறப் போடு, முதுகை அமுக்கு.

இரண்டே வருடத்தில் சில்வெஸ்டர் என்பவர் "மல்லாக்கப் போடு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கு, பிறகு நெஞ்சோடு அமுக்கு" என்றார். 1903ல் எட்வர்ட் ஷேஃபர் "குப்புறப் போட்டு இடுப்பு மேல் இருந்து முதுகை அமுக்கு" என்றார். 1932ல் டென்மார்க்கின் ஹோல்கர் நீல்சன் "குப்புறப் போடு, முதுகை அமுக்கு, முழங்கையைத் தூக்கு" என்றார்.

பள்ளிக்கூடம், சாரணர் படை, ராணுவம், போலீஸ் எல்லா இடத்திலும் இதுதான் பாடம். நம்ம ஊரில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கும் பெரியவர் செய்வது, ஒரு காலத்தில் பாடப்புத்தகத்தில் அச்சான முறையை ஒத்ததுதான்.

11/
திருப்புமுனை போலியோ வார்டில் வந்தது.

1940களில் அமெரிக்காவில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்து நீலம் பாய்ந்த நோயாளிகளை ஜேம்ஸ் எலாம் என்ற மயக்க மருத்துவர் பார்த்தார். கருவி வரும்வரை காத்திருக்காமல் தன் மூச்சையே ஊதினார். நீலம் மறைந்தது.

"கெட்ட காற்று" எப்படி வேலை செய்தது? நாம் உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம். வெளியே விடுவதில் சுமார் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஒரு உயிரைப் பிடித்து வைக்க அது தாராளமாகப் போதும். 1954ல் எலாம் இதை ரத்தப் பரிசோதனையோடு நிரூபித்து வெளியிட்டார்.

12/
1956ல் ஒரு மருத்துவ மாநாடு முடிந்து வீடு திரும்பும் நீண்ட கார்ப் பயணத்தில் எலாம் இதைப் பீட்டர் சாஃபர் என்ற இளம் மருத்துவரிடம் சொன்னார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் பால்டிமோரில் வேலை பார்த்தவர் சாஃபர்.

அவர் செய்த பரிசோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் தாமாக முன்வந்தார்கள். அவர்களுக்கு மயக்கமும், தசைகளை முழுதாகச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் கொடுத்து மூச்சை நிறுத்தினார்கள். பிறகு பழக்கமான முதுகு அமுக்கும் முறைகளையும், வாயால் ஊதும் முறையையும் ஒப்பிட்டார்கள். ஊதியவர்களில் சாரணர் சிறுவர்கள் உட்படச் சாதாரண ஆட்களும் இருந்தார்கள்.

13/
முடிவு அப்பட்டமாக இருந்தது.

முதுகை அமுக்கும் முறைகளில் பலருக்கும் போதுமான காற்று உள்ளேயே போகவில்லை. மூச்சுப் பாதையே அடைத்துக் கிடந்தது. தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கி ஊதியபோது, பயிற்சி இல்லாத பையனாலும் நெஞ்சை உயர்த்த முடிந்தது.

1958ல் இது வெளியானது. சில வருடங்களிலேயே உலகம் முழுக்கப் பாடம் மாறியது. டொசாக் ஊதிப் பிழைக்க வைத்து 226 வருடம் கழித்து!

14/
இதயத்தை வெளியில் இருந்து அமுக்கும் முறை 1960ல் வந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கூவன்ஹோவன் என்ற மின் பொறியாளரின் குழு, நாய்களுக்கு மின்அதிர்ச்சி தரும் பரிசோதனையில் இருந்தது. மின்தகட்டை நெஞ்சில் அழுத்தி வைத்த கணமே, மின்சாரம் பாயும் முன்பே, ரத்த அழுத்தம் லேசாக ஏறுவதை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் கவனித்தார். அந்த ஒரு கவனிப்பில் இருந்து பிறந்ததுதான் நெஞ்சழுத்தம்.

சாஃபரின் மூச்சும் கூவன்ஹோவனின் அழுத்தமும் சேர்ந்ததுதான் நாம் இன்று சொல்லும் சிபிஆர்.

15/
சரி, இதை எல்லோருக்கும் எப்படிக் கற்றுக்கொடுப்பது? உயிருள்ளவர் நெஞ்சை அமுக்கிப் பழக முடியாது.

நார்வேயில் ஆஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மை வியாபாரி இருந்தார். அவருடைய இரண்டு வயது மகன் தண்ணீரில் மூழ்கி, கடைசி நொடியில் தந்தை கையாலேயே பிழைத்தவன். மருத்துவர்கள் அவரிடம் பயிற்சி பொம்மை கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை.

அந்தப் பொம்மைக்கு அவர் தேர்ந்த முகம், 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சேன் நதியில் மூழ்கிக் கிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகமூடி. எங்கள் மருத்துவக் கல்லூரியில் நாங்கள் ஊதிப் பழகியதும் அந்த வகைப் பொம்மையில்தான். 1960களின் தொடக்கத்திலேயே நார்வே தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பொம்மையை வைத்துப் பாடம் நடத்தியது.

16/
"தண்ணீரை வெளியே எடு" என்ற எண்ணம் அதோடு செத்ததா? இல்லை.

1974ல் தொண்டையில் உணவு அடைத்தால் வயிற்றை மேல்நோக்கி அழுத்தி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார் ஹென்றி ஹெய்ம்லிக். அடைப்புக்கு அது நல்ல முறைதான். ஆனால் மூழ்கியவர்களுக்கும் முதலில் அதையே செய்யணும் என்று அவர் பல வருடம் வாதாடினார். 1994ல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் நிபுணர் குழு ஆதாரங்களை அலசி, மூழ்கியவருக்கு இதை வழக்கமாகச் செய்ய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

17/
ஏன் வயிற்றை அமுக்கக் கூடாது? மூன்று காரணம்.

முதலாவது, அமுக்கும்போது வருவது பெரும்பாலும் வயிற்றில் இருந்த தண்ணீர். நுரையீரலில் இருந்தது இல்லை. மூழ்குபவர் நிறையத் தண்ணீர் குடித்துவிடுவார். நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் மிகக் குறைவு, 50 கிலோ ஆளுக்கு ஒரு டம்ளர் அளவு. அதுவும் வேகமாக ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

இரண்டாவது, வயிற்றில் இருந்து மேலே வரும் தண்ணீரும் உணவும் மயங்கியவரின் நுரையீரலுக்குள் இறங்கும். இல்லாத ஆபத்தை நாமே உண்டாக்குகிறோம்.

மூன்றாவதுதான் பெரியது: நேரம். மூளை ஆக்ஸிஜன் இல்லாமல் நான்கு ஐந்து நிமிடம்தான் தாங்கும். அந்த நிமிடங்களைச் சுற்றுவதிலும் அமுக்குவதிலும் செலவழிக்கிறோம்.

18/
"ஆனா டாக்டர், எங்க சித்தப்பா மகனை அப்படித்தான் காப்பாத்தினாங்க."

இருக்கலாம். மூழ்கி ஒரு நிமிடத்தில் தூக்கிய பலருக்கு மூச்சு லேசாக ஓடிக்கொண்டிருக்கும், அல்லது தானாகத் திரும்பும். அவர்களைச் சுற்றினாலும் பிழைப்பார்கள், சும்மா படுக்க வைத்தாலும் பிழைப்பார்கள். புகையிலைப் புகையால் பிழைத்ததாக ஆம்ஸ்டர்டாம்காரர்கள் நம்பியதும் இப்படித்தான். பிழைத்தவர் வந்து கதை சொல்வார். பிழைக்காதவர் சொல்ல மாட்டார்.

19/
இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "ஊதவே வேண்டாம், நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும்" என்று வீடியோக்களில் பார்த்திருப்பீங்க. அது பெரியவர்கள் மாரடைப்பு போன்ற காரணத்தால் திடீரென விழும்போது. அவர்கள் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இன்னும் இருக்கும், ஓட்டம்தான் நின்றிருக்கும்.

மூழ்கியவருக்குத் தலைகீழ். முதலில் மூச்சு நிற்கிறது, ஆக்ஸிஜன் தீர்கிறது, அதன் பிறகே இதயம் நிற்கிறது. எனவே சீக்கிரம் எடுத்தவருக்கு இதயம் இன்னும் துடித்துக்கொண்டே இருக்கலாம். அந்த நேரத்தில் சில ஊதல்களே அவரைத் திருப்பிக் கொண்டுவரும். மூழ்கியவருக்கு மூச்சுதான் முதல் மருந்து.

20/
இப்போது செய்ய வேண்டியது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

👉 தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. அசைவில்லை, இயல்பான மூச்சு இல்லை என்றால் உடனே தொடங்குங்க. ஒருவர் 108க்கு அழைக்கட்டும்.

👉 கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைங்க. நெற்றியில் ஒரு கை, தாடை எலும்பில் மறு கை. தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்குங்க.

👉 மூக்கைப் பொத்தி, வாயை முழுதாக மூடி, நெஞ்சு உயரும்வரை ஊதுங்க. முதலில் 2 முதல் 5 ஊதல். கைக்குழந்தைக்கு வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடி மெதுவாக ஊதணும்.

👉 அசைவு வரவில்லையா? நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், பிறகு 2 ஊதல். இதே சுழற்சி. பெரியவருக்குச் சுமார் 5 செ.மீ. ஆழம், குழந்தைக்கு நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம்.

👉 வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டே இருக்காதீங்க, ஊதுங்க. வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பிச் சுத்தம் செய்து தொடருங்க.

👉 மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்க.

👉 எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டி வாங்க. இருமலோ மூச்சு வாங்கலோ அடுத்த சில மணி நேரத்தில் மோசமாகலாம்.

21/
மேலே இருந்து தலைகீழாகப் பாய்ந்தவர் என்றால் கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம். கோடையில் தண்ணீர் வற்றிய கிணறு, மணல் மேடிட்ட ஆறு, கலங்கிய குளம் எல்லாம் இதற்குப் பேர் போனவை. தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகையில் வைத்துத் தூக்குங்க. கழுத்தைத் திருகாதீங்க. ஆனால் மூச்சு இல்லை என்றால் மூச்சுக்குத்தான் முன்னுரிமை.

ஆழம் தெரியாத நீரில் காலை முதலில் விட்டு இறங்குங்க. இந்த ஒரு பழக்கம் வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பதைத் தடுக்கும்.

22/
மூழ்குபவர் சினிமாவில் மாதிரிக் கையை ஆட்டிக் கத்துவார் என்று காத்திருக்காதீங்க. 1970களில் நியூயார்க் கடற்கரைக் காவலரான ஃபிராங்க் பியா படம் பிடித்தே காட்டினார்: உண்மையில் மூழ்குபவர் சத்தம் போட முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் கணம் மூச்சு இழுக்கவே சரியாக இருக்கும். 20 முதல் 60 நொடியில் உள்ளே போய்விடுவார். குழந்தைகள் தண்ணீரில் விளையாடும்போது சத்தம் நின்றால், உடனே பாருங்க.

23/
நீச்சல் தெரிந்தவர்கூடக் காப்பாற்றப் போய்ச் சேர்ந்து மூழ்குவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். மூழ்குபவர் கிடைத்ததைக் கட்டிப்பிடிப்பார், அது உங்கள் கழுத்தாகவும் இருக்கலாம்.

2020ல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இருவரை மீட்டார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. நீர்விபத்து மீட்பின் முதல் பாடம் அதுதான்: கையை நீட்டாதே, எதையாவது நீட்டு. புடவை, கயிறு, கம்பு, காலி பிளாஸ்டிக் குடம், மூடிய தண்ணீர் கேன், எது மிதக்கிறதோ அது.

24/
உலகில் ஒரு வருடத்தில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கிச் சாகிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் 2024 அறிக்கை. குழந்தைகளும் இளைஞர்களும்தான் அதில் அதிகம். 2021 முதல் ஒவ்வொரு ஜூலை 25ஆம் தேதியும் நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக ஐ.நா. அறிவித்திருக்கிறது.

எந்த மருத்துவரும் உங்கள் ஊர்க் கிணற்றடிக்கு ஐந்து நிமிடத்தில் வந்து சேர முடியாது. அந்த நேரத்தில் அங்கே இருக்கப் போவது ஆடு மேய்ப்பவர், துணி துவைப்பவர், கூட விளையாடிய பையன். ஊதத் தெரிய வேண்டியது அவர்களுக்குத்தான்.

உங்கள் ஊர்ப் பள்ளியில், கோயில் திருவிழாக் குழுவில், இளைஞர் மன்றத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பக்கத்து அரசு மருத்துவமனையிலோ தீயணைப்பு நிலையத்திலோ பயிற்சி கேளுங்க. கேட்டால் சொல்லித் தருவோம்.

பகிருங்கள்.